செவ்வாயில் நீர்: இருப்பதும் எட்டுவதும்

செவ்வாய்க் கோளில் நீர் உண்டா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். உண்டு என்பது உறுதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் இரு துருவங்களிலும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கட்டி அடுக்குகள் உள்ளன; துருவங்களை விட்டு விலகி வந்தாலும், நிலப்பரப்பின் கணிசமான பகுதியில் மண்ணுக்குச் சற்றுக் கீழே பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது. ஆகவே இன்று விடை காண வேண்டிய கேள்விகள் வேறு: அந்த நீர் எந்த வடிவில், எவ்வளவு ஆழத்தில், கோளின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அதைத் தோண்டி உருக்கித் தூய்மைப்படுத்துவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பவையே அவை. மனிதர் அங்கே சென்று தங்குவது பற்றிய திட்டங்கள் எல்லாம் இந்த விடைகளைப் பொறுத்தே நிற்கின்றன.

நீர் ஏன் திரவமாக நிற்பதில்லை

நீர் திரவமாக இருப்பதற்கு உரிய வெப்பநிலை மட்டும் போதாது. அதன்மேல் காற்றின் அழுத்தமும் வேண்டும். மலைமேல் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், அங்கே நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அழுத்தத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால், கொதிநிலை இறங்கி வந்து உறைநிலையைத் தொட்டுவிடும் ஓர் எல்லை வரும். நீருக்கு அந்த எல்லை ஏறத்தாழ 6.1 மில்லிபார். அழுத்தம் அதற்கும் கீழே போனால் நீர் பனிக்கட்டியாக இருக்கலாம், ஆவியாக இருக்கலாம். திரவமாக இருக்க இயலாது.

பூமியில் கடல்மட்டக் காற்றழுத்தம் 1013 மில்லிபார். செவ்வாயின் தரையில் அது சராசரியாக 6 மில்லிபாரை ஒட்டியே இருக்கிறது. அதாவது அந்த எல்லைக்கோட்டின் மீதே. ஹெல்லாஸ் போன்ற மிக ஆழமான பள்ளங்களில் அழுத்தம் இதைப்போல் இருமடங்கை எட்டினாலும், அங்கும் நீர் 10 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். கோளின் சராசரி வெப்பநிலையோ மைனஸ் 60 டிகிரி. எனவே மண்ணுக்கு அடியிலிருக்கும் பனிக்கட்டியை வெளியே எடுத்து வைத்தால், அது உருகி ஓடுவதில்லை. அலமாரியில் போட்டு வைத்த பாச்சை உருண்டை ஈரமே காட்டாமல் நாளடைவில் சிறுத்து மறைவதைப்போல, நேரடியாக ஆவியாகிப் போய்விடுகிறது. இதைப் பதங்கமாதல் என்கிறோம். செவ்வாயின் நீரைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: அங்கே மூடிய மண்ணுக்குள் இருக்கும்வரைதான் பனிக்கட்டிக்குப் பாதுகாப்பு.

முன்பு ஓடிய நீர் எங்கே போனது

1965-இல் செவ்வாயைக் கடந்து சென்ற மாரினர் 4 அனுப்பிய 22 படங்களில், நிலவைப்போல விண்கல் மோதிய வடுக்கள் நிறைந்த வறண்ட தரையே தெரிந்தது. 1971-இல் மாரினர் 9 அக்கோளைச் சுற்றி வந்து படமெடுத்தபோது காட்சி மாறியது. கிளைகள் கூடிக் கூடிப் பெரிதாகும் ஆற்றுப் படுகைகள் வற்றிய நிலையில் தெரிந்தன. அதன்பின் தரையிறங்கிய ஊர்திகள் பாறைகளிலேயே சான்று கண்டன. 2004-இல் ஆப்பர்ச்சூனிட்டி, நீரில் ஊறி உருவாகும் உப்புகளையும் ஹெமடைட் என்னும் இரும்புக் கனிமத்தின் உருண்டைகளையும் மெரிடியானிச் சமவெளியில் கண்டது. 2012-இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி, நெடுங்காலம் நின்ற ஓர் ஏரியின் அடிச்சேறு இறுகிப் பாறையானதைத் துளையிட்டு ஆராய்ந்தது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசிரோ பள்ளம், ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆறு வந்து கலந்த ஏரி. அந்த ஆறு கொட்டிய வண்டல் விசிறியாக விரிந்து இன்றும் அங்கே கிடக்கிறது.

அந்த நீரில் ஒரு பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. செவ்வாய்க்குக் கோளளாவிய காந்தப்புலம் இப்போது இல்லை. அதனால் சூரியனிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கை நேராகத் தாக்கி, அணுக்களை வெளியே இழுத்துச் செல்கின்றன. 2014 முதல் செவ்வாயைச் சுற்றி வந்த மேவன் விண்கலம் இந்த இழப்பை அளந்தது. இதற்கு வேறொரு சான்றும் உண்டு. ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் எளிதில் தப்பிச் செல்வதில்லை; இலேசான ஹைட்ரஜன் தப்பிவிடுகிறது. ஆகவே எஞ்சிய நீரில் டியூட்டீரியத்தின் பங்கு கூடக்கூட, இழந்தது அதிகம் என்று பொருள். செவ்வாயின் வளிமண்டல நீரில் இந்தப் பங்கு பூமியின் கடல்நீரில் இருப்பதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த இந்தியாவின் மங்கள்யான் சுமந்து சென்ற ஐந்து கருவிகளில் ஒன்று, இதே டியூட்டீரியம், ஹைட்ரஜன் விகிதத்தை அளப்பதற்காகவே இஸ்ரோ உருவாக்கியது.

எல்லா நீரும் பறந்துவிடவில்லை. களிமண் போன்ற கனிமங்கள் உருவாகும்போது நீரைத் தமக்குள் பிணைத்துக்கொள்கின்றன. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடக்க கால நீரில் 30 விழுக்காடு முதல் 99 விழுக்காடு வரை இப்படி மேலோட்டுப் பாறைகளுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம் என்று கணக்கிட்டது. இடைவெளி மிகப் பெரிது. ஆனால் அதன் கீழ் எல்லைகூடக் குறைவானதல்ல.

பனிக்கட்டி இருக்கும் இடங்கள்

துருவங்களில் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. குளிர்காலத்தில் அங்கே படியும் வெண்மை உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அது வேனிலில் மறைந்துவிடும். அதன்கீழ் நிலைத்திருப்பது நீர்ப்பனிக்கட்டி. ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் ராடார் மூலம் தென்துருவ அடுக்கை ஊடுருவிப் பார்த்து, 2007-இல் ஒரு கணக்கை வெளியிட்டது: அந்த ஒரு துருவத்தின் பனிக்கட்டி முழுவதும் உருகினால், கோள் முழுவதும் 11 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும்.

ஆனால் துருவத்தில் குடியிருப்பு அமைப்பது எளிதன்று. மாதக்கணக்கில் சூரியன் எழுவதில்லை. குளிர்காலத்தில் காற்றே உறைந்து தரையில் படிகிறது. ஆகவே மனிதருக்குப் பயன்படக்கூடியது, துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதிகளில் புதைந்து கிடக்கும் பனிக்கட்டியே. அதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் செவ்வாயின் மண்ணைத் தாக்கும்போது நியூட்ரான்கள் தெறித்து மேலே வருகின்றன. மண்ணில் ஹைட்ரஜன் மிகுந்திருந்தால் அவை அதன்மீது மோதி வேகம் குறைந்துவிடும். எனவே வேகமான நியூட்ரான்கள் குறைவாக வரும் இடத்தில் ஹைட்ரஜன், அதாவது நீர், நிறைய இருக்கிறது என்று கொள்ளலாம். மார்ஸ் ஒடிசி விண்கலம் இப்படி எண்ணியே 2002-இல் ஒரு வரைபடம் தந்தது. 60 டிகிரி அட்சரேகைக்கு அப்பால், மேல்மண்ணின் முதல் ஒரு மீட்டருக்குள் பனிக்கட்டி நிறைந்திருப்பதாக அது காட்டியது.

அந்த வரைபடம் சரிதானா என்று தொட்டுப் பார்க்கச் சென்றது பீனிக்ஸ். 2008 மே மாதம் வடக்கே 68 டிகிரியில் இறங்கிய அந்தத் தரையிறங்கி, தன் கரத்தால் சில சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டியதும் வெள்ளை நிறம் தெரிந்தது. உப்பா, பனிக்கட்டியா என்ற ஐயம் எழுந்தது. ஜூன் 15 அன்று எடுத்த படத்தில் குழியின் நிழலோரம் சில சிறிய வெள்ளைத் துண்டுகள் கிடந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவை இல்லை. உப்பு அப்படி மறையாது. பின்னர் மண்மாதிரியைத் தன் சிறு உலையில் சூடேற்றி, வெளிவந்தது நீராவியே என்று பீனிக்ஸ் உறுதிசெய்தது. செவ்வாயின் நீரை ஓர் இயந்திரம் நேரில் கையாண்டது அதுவே முதல்முறை.

துருவத்திலிருந்து இவ்வளவு தொலைவில் பனிக்கட்டி எப்படி வந்தது? பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. நம் நிலவு பெரிதாக இருப்பதால் அந்தச் சாய்வு அதிகம் மாறாமல் நிற்கிறது. செவ்வாய்க்கு அப்படிப்பட்ட துணை இல்லை. இன்று 25 டிகிரி சாய்ந்திருக்கும் அதன் அச்சு, கடந்த இரண்டு கோடி ஆண்டுகளில் 15 முதல் 45 டிகிரி வரை ஆடியிருக்கிறது என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. சாய்வு மிகும்போது துருவங்கள் சூரியனை நோக்கித் திரும்பிச் சூடேறுகின்றன; அங்கிருந்து எழும் நீராவி, தாழ்ந்த அட்சரேகைகளில் பனியாகப் பொழிகிறது. சாய்வு குறைந்தபின் அந்தப் பனியில் ஒரு பகுதி மீண்டும் துருவத்துக்குத் திரும்ப, தூசி மூடிக்கொண்ட பகுதி அப்படியே தங்கிவிடுகிறது. இன்று நாம் தேடிச் செல்வது இந்தப் பழைய பனிப்பொழிவின் எச்சத்தையே.

அது எவ்வளவு தடிமன் என்பது 2018-இல் கண்கூடாகத் தெரிந்தது. ஏறத்தாழ 55 டிகிரி அட்சரேகையை ஒட்டி, நிலம் சரிந்து செங்குத்தாக வெட்டுண்ட எட்டு இடங்களை மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் படம்பிடித்திருந்தது. அவ்வெட்டு முகங்களில் நீலம் கலந்த வெண்மையாகத் தெரிந்தது ஏறக்குறையத் தூய பனிக்கட்டி. தரைக்கு ஓரிரு மீட்டர் கீழே தொடங்கி, சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்கியது. அதற்கு முன்பே, 2016-இல், அதே கலத்தின் ராடார் யுடோப்பியாச் சமவெளியின் அடியில் 80 முதல் 170 மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி மிகுந்த படிவைக் கண்டிருந்தது. அதிலுள்ள நீர் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி கொள்ளும் அளவு.

பிறகு ஒரு தற்செயல் நிகழ்ந்தது. 2021 டிசம்பர் 24 அன்று இன்சைட் தரையிறங்கியின் நிலநடுக்கமானி ஒரு பெரிய அதிர்வைப் பதிவுசெய்தது. அதற்குக் காரணமான இடத்தைப் பின்னர் வானிலிருந்து பார்த்தபோது, அமேசானிஸ் சமவெளியில் விண்கல் விழுந்து 150 மீட்டர் அகலப் பள்ளம் தோன்றியிருந்தது. சுற்றிலும் பனிக்கட்டிப் பாளங்கள் சிதறிக் கிடந்தன. அந்த இடம் வடக்கே 35 டிகிரி. குடியேற்றத் திட்டமிடுவோருக்கு இதுவரை கிடைத்த செய்திகளில் மிகவும் மதிப்புள்ளது இதுவே என்பது என் எண்ணம். பனிக்கட்டி நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகே வருகிறதோ, அவ்வளவுக்குச் சூரிய ஒளியும் வெப்பமும் கூடிய இடத்தில் மனிதர் தங்க முடியும்.

திரவ நீரைப் பற்றிய செய்திகளை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். சரிவுகளில் வேனிற்காலத்தில் நீண்டு இறங்கும் கரிய கோடுகள் உப்புநீர் ஓட்டமாக இருக்கலாம் என்று 2015-இல் பெரிதாகப் பேசப்பட்டது. 2017-இல் வந்த ஆய்வு அவை உலர்ந்த மணல் சரிவதைப்போலவே நடந்துகொள்வதாகக் காட்டியது. தென்துருவப் பனிக்கட்டிக்கு 1.5 கிலோமீட்டர் கீழே 20 கிலோமீட்டர் அகலத்தில் ஏரி இருப்பதாக 2018-இல் வந்த கருத்தும் இன்னும் விவாதத்திலேயே இருக்கிறது. களிமண்கூட அத்தகைய ராடார் எதிரொலியைத் தரக்கூடும் என்கிறார்கள் மறுப்போர். இன்சைட்டின் அதிர்வுப் பதிவுகளைக் கொண்டு, 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் பெருமளவு நீர் இருக்கலாம் என்று 2024-இல் ஓர் ஆய்வு கூறியது. கோளின் வரலாற்றை அறிய அது முக்கியமானது. குடியேறச் செல்பவருக்கு அந்த ஆழம் எட்டாத தொலைவு.

எதற்காக அந்த நீர்

குடிப்பதற்கு என்பதே முதலில் தோன்றும் விடை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சிறிய பங்கே என்று தெரியும். விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லிட்டர் நீர் தேவைப்படுகிறது. நால்வர் 500 நாள் தங்கினால் 8,000 லிட்டர். ஆனால் வியர்வை, சிறுநீர், மூச்சில் வரும் ஈரம் ஆகியவற்றைத் தூய்மைப்படுத்தி 98 விழுக்காடு நீரை மீட்கும் நிலையைப் பன்னாட்டு விண்வெளி நிலையம் 2023-இல் எட்டிவிட்டது. அந்த அளவு மீட்சி செவ்வாயிலும் கைகூடினால், புதிதாகச் சேர்க்க வேண்டியது 160 லிட்டரே. அதைப் பூமியிலிருந்தே கொண்டு போய்விடலாம்.

உண்மையில் நீர் மிகுதியாகத் தேவைப்படுவது திரும்பி வருவதற்கு. நான்கு பேரைச் செவ்வாயின் தரையிலிருந்து மேலே ஏற்றும் ராக்கெட்டுக்குச் சுமார் 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்று நாசா கூறியிருக்கிறது. இவற்றைப் பூமியிலிருந்து தூக்கிச் செல்வது பெருஞ்செலவு. ஆக்சிஜனைச் செவ்வாயின் காற்றிலிருந்தே எடுக்கலாம். அக்காற்றில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. பெர்சிவரன்ஸ் சுமந்து சென்ற மாக்ஸி என்னும் கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்சிஜனை அவ்வாறு பிரித்துக் காட்டியது. ஆனால் எரிபொருளான மீத்தேனைச் செய்ய ஹைட்ரஜன் வேண்டும். அது அந்தக் காற்றில் இல்லை, நீரில்தான் இருக்கிறது.

நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, அந்த ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு நிக்கல் வினையூக்கியின் மீது 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் செலுத்தினால் மீத்தேனும் நீரும் கிடைக்கும். சபாட்டியே வினை எனப்படும் இது நூறாண்டுக்கு மேல் பழக்கமான வேதியியல். வினையில் வரும் நீரை மீண்டும் பயன்படுத்திக்கொண்டால், 7 டன் மீத்தேனுக்கு ஏறத்தாழ 16 டன் நீர் போதும். கூடவே 28 டன் ஆக்சிஜனும் கிடைத்துவிடும். தேவைப்பட்ட 25 டன் அதிலேயே அடங்கிவிடுகிறது.

ஆற்றல் கணக்கும் கவனிக்கத்தக்கது. மைனஸ் 60 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியைச் சூடேற்றி உருக்க, மின்கட்டண அளவில் சொன்னால், ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு ஆகும். அதே ஒரு கிலோ நீரைப் பிரிப்பதற்குக் கோட்பாட்டளவிலேயே 4.4 யூனிட் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். மறுபயன்பாட்டையும் சேர்த்தால், மேற்சொன்ன எரிபொருளுக்கு மொத்தம் குறைந்தது 1.4 லட்சம் யூனிட் வேண்டும். பூமியிலிருந்து செவ்வாய்க்குப் புறப்பட ஏற்ற காலம் 26 மாதத்துக்கு ஒருமுறையே வருகிறது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் இந்த வேலையை முடிக்க, இரவு பகலாக 7 கிலோவாட்டுக்குமேல் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். செவ்வாயில் விழும் சூரிய ஒளி பூமியில் விழுவதில் பாதிக்கும் குறைவு; 2018-இல் கோள் முழுவதையும் மூடிய தூசிப்புயல் ஆப்பர்ச்சூனிட்டியின் சூரியத் தகடுகளுக்கு ஒளியே கிடைக்காமல் செய்து அதன் பணியை முடித்துவைத்தது. இதனால்தான் 10 கிலோவாட் வரை தரக்கூடிய சிறிய அணு உலை ஒன்றை நாசா வடிவமைத்து, அதன் முன்மாதிரியை 2018-இல் நெவாடாவில் சோதித்தது.

எடுப்பது எப்படி

மண்ணைத் தோண்டிப் பனிக்கட்டியை வெட்டி எடுப்பது ஒரு வழி. அடர்ந்த பனிக்கட்டி இருக்கும் இடத்தில் இன்னும் நல்ல வழி உண்டு. அதை அண்டார்க்டிகாவில் காணலாம். தென்துருவத்திலுள்ள அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தில் குடிநீர் வருவது ராட்ரிகஸ் கிணறு என்னும் அமைப்பிலிருந்து. பனிக்கட்டிக்குள் குறுகலான துளையிட்டு, அடியில் வெந்நீரைச் செலுத்தி ஒரு குடைவை உருக்குகிறார்கள். அதில் தேங்கும் நீரில் ஒரு பகுதியை மேலே எடுத்துக்கொண்டு, மறுபகுதியைச் சூடாக்கித் திருப்பி விடுகிறார்கள். வெப்பம் நிற்காதவரை கிணறு உறையாது. செவ்வாயிலும் இதையே செய்யலாம். ஆனால் துளையின் வாயை இறுக மூடி உள்ளே அழுத்தத்தைப் பேண வேண்டும், இல்லையெனில் உருகிய நீர் கொதித்து ஆவியாகிவிடும்.

கிடைக்கும் நீரை அப்படியே குடிக்கவும் முடியாது. பீனிக்ஸ் ஆராய்ந்த மண்ணில் சுமார் அரை விழுக்காடு பெர்குளோரேட் என்னும் உப்பு இருந்தது. அது நம் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். நீரிலிருந்து அதை நீக்கும் முறைகள் பூமியில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன. ஆனால் அந்த மண்ணில் பயிரிடுவதற்கு மண்ணையும் கழுவியாக வேண்டும், அதற்கும் நீர் வேண்டும்.

குடியிருப்பா, ஆய்வு நிலையமா

வாய்ப்பு மிகுந்த இடங்களாக ஆர்க்கேடியாச் சமவெளி, யுடோப்பியா, டியூட்டரோனிலஸ் ஆகிய வடபகுதிகள் பேசப்படுகின்றன. வடக்குச் சமவெளிகள் தாழ்ந்திருப்பதால் இறங்கும் கலத்தின் வேகத்தைக் குறைக்கக் காற்று சற்று அதிகம் கிடைக்கும். பனிக்கட்டியும் மேலாக இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சு எங்கும் உண்டு. கியூரியாசிட்டி அளந்தபடி தரையில் ஒரு நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவெர்ட், ஆண்டுக்கு அது, பூமியில் ஒருவர் இயற்கையாகப் பெறும் சராசரி அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. ஹைட்ரஜன் நிறைந்த பொருள் இக்கதிர்களை நன்கு தடுக்கும் என்பதால், வசிப்பிடத்தின் சுவரிலும் கூரையிலும் பனிக்கட்டியையே நிரப்பலாம் என்ற யோசனையும் உண்டு.

இத்தனையும் பார்த்தபின், தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழும் நகரம் விரைவில் எழும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அண்டார்க்டிகாவில் இருப்பதைப்போல, ஆட்கள் முறைவைத்துச் சென்று தங்கித் திரும்பும் ஆய்வு நிலையம் எண்ணிப் பார்க்கக்கூடியது. அதற்குத் தேவையான நீர் செவ்வாயில் தாராளமாக உள்ளது. செவ்வாயின் 38 விழுக்காடு ஈர்ப்பில் ஒரு குழந்தை எப்படி வளரும் என்பது எவருக்கும் தெரியாத நிலையில், நிரந்தரக் குடியேற்றத்தைப் பற்றி உறுதி கூறுவது பொறுப்பான பேச்சாகாது.

இன்னொரு கடமையும் இருக்கிறது. நீர் இருக்கும் இடமே நுண்ணுயிர் பிழைத்திருக்கவும் வாய்ப்புள்ள இடம். மனிதரோடு கோடிக்கணக்கான கிருமிகளும் அங்கே போகும். 1967-இன் விண்வெளி ஒப்பந்தம் பிற கோள்களை மாசுபடுத்துவதைத் தவிர்க்குமாறு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. பனிக்கட்டியைத் தொடப்போகும் பீனிக்ஸின் கரத்தை மட்டும் கிருமிநீக்கம் செய்து, செவ்வாயில் இறங்கும்வரை தனியுறையில் பொதிந்தே அனுப்பினார்கள். அந்த அளவு கவனத்தை மனிதர் வாழும் இடத்தில் கடைப்பிடிக்க வழியில்லை. ஆகவே உயிர் இருந்ததா, இருக்கிறதா என்பதை இயந்திரங்கள் தேடி முடிப்பதற்குக் கால அவகாசம் தர வேண்டும்.

அத்தேடலும் இன்னும் மேற்பரப்பிலேயே நிற்கிறது. கியூரியாசிட்டியின் துளைக்கருவி இறங்குவது ஆறேழு சென்டிமீட்டர்தான். ஐந்து மீட்டர் வரை தன்னைத்தானே அடித்து இறங்க வேண்டிய இன்சைட்டின் வெப்ப ஆய்வுமுனை, மண் பிடிப்புக் கொடுக்காததால் அரை மீட்டரைக்கூட எட்டாமல் 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2028-இல் புறப்படத் திட்டமிட்டுள்ள ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி, இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து மாதிரி எடுக்கும் துளைக்கருவியைக் கொண்டு செல்ல இருக்கிறது.